தண்டவாளம் தாண்டிய அம்மன்

அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டி, காப்பும் கட்டி முடித்த பிறகு பார்த்துத்தான் நான் காலை உடைத்துக்கொண்டேன். "உடைக்கதுதான் உடைச்ச, ஒரு வாரம் முந்தியே உடைச்சித் தொலைச்சிருக்கக் கூடாதா, மூதி!" என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினாள். நான் என்ன, பஞ்சாங்கம் பார்த்தா விழுந்தேன்?

எனக்கு அப்போது ஏழு வயசு. உலகச் சண்டை முடிந்திருந்தது, ரேஷன் முடிந்திருக்கவில்லை. தாராவியில் ஒரு தோல் ஷாப்புக்குப் பின்னால் எங்கள் சந்து. சந்து முழுக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். அப்பா அந்த ஷாப்பில் தோல் பதம் போடுகிறவர். பதம் போட ஆவாரம்பட்டை வேண்டும். அது மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, கொட்டகையில் கூரை முட்ட அடுக்கியிருக்கும். பெரியவர்களுக்கு அது பட்டை, எங்களுக்கு அது சறுக்கு. ஒரு பழைய கோணியைப் போட்டு உட்கார்ந்து உச்சியிலிருந்து சறுக்கினால், ஆகா, அந்தச் சுகம் எந்தப் பொருட்காட்சியிலும் கிடையாது. அன்றைக்கு உச்சி மூட்டைக்கும் என்கூடச் சறுக்க ஆசை வந்துவிட்டது. நான் முதலில் கீழே வந்து சேர்ந்தேன். அது என் தொடைமேல் வந்து சேர்ந்தது.

நான் போட்ட கூப்பாட்டில் ஷாப்பே ஓடி வந்தது. கைவண்டியில் கிடந்த தோலைத் தள்ளிவிட்டு என்னை அதில் படுக்கப் போட்டார்கள். அப்பா அந்நேரம் கோவில் கொட்டகையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். சேதி கேட்டு ஓடி வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே அம்மா, இடுப்பில் பால் குடிக்கிற தம்பியோடு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுங்காவில், பிள்ளைகளுக்கென்றே ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. ரயில் கேட் வரைக்கும் வண்டி பறந்தது. கேட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

ரயில் ஒன்றும் வரவில்லை. கேட் திறந்துதான் கிடந்தது. அப்பாதான் நின்றுவிட்டார்.

அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. வருஷா வருஷம் கொடைக்கு அவர்தான் தீச்சட்டி எடுப்பார். காப்புக் கட்டியவன் கொடை முடிகிற வரைக்கும் அம்மனுடைய எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கோபம் அவன் தலையில் விழாது, தெருப் பிள்ளைகள் மேல் அம்மையாக விழும் என்பது எங்கள் ஆட்களின் பயம். கிழக்கே அந்த எல்லை இந்தத் தண்டவாளம். எனக்கு முந்திப் பிறந்த அக்காவை அம்மையில் பறிகொடுத்தவர் அப்பா. அவருக்கு இது விளையாட்டுக் காரியமில்லை.

"என்ன நிக்கீய?" என்றாள் அம்மா.

அப்பா கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பிள்ளையப் பிடிங்க" என்று தம்பியை அவர் கையில் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே வண்டியைத் தள்ளினாள். சக்கரம் தண்டவாளத்தில் தடக்கு தடக்கென்று ஏறி இறங்கினபோது, எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தால் அப்பா தம்பியை வைத்துக்கொண்டு கேட்டிலேயே நிற்கிறார். தம்பி அழுகிறான். அப்பாவும்தான்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. பார்சி டாக்டர் ஒருவர் இழுத்துப் பிடித்து என்னென்னவோ செய்தார். காலில் பட்டைப் பட்டையாகப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, கட்டில் கால்மாட்டில் இருந்த கப்பி வழியாக விட்டு, நுனியில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பை இழுக்க இழுக்க எலும்பு நேராகக் கூடிக்கொள்ளுமாம். எல்லா வேலையையும் மணல் பை பார்த்துக்கொள்ளும், நான் அசையாமல் கிடந்தால் போதும். உலகத்தில் எனக்குத் தெரியாத ஒரே வேலை அதுதான்.

வார்டுக்கு ஒரு சிஸ்டர். கொங்கணத்து மராத்திக்காரி. ஆள் குட்டை, குரல் நெட்டை. "ஹில்னா நஹி!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அசையாதே என்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? தாராவியில் பிறந்தவளுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் ஒன்றும் புரியாத மாதிரி முழித்தேன். கைப்பிள்ளையை வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். தம்பிக்குப் பால் கொடுக்க அம்மா வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். அவள் வாசலைத் தாண்டினதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா வந்து பார்த்தால் நான் கட்டிலில் குறுக்காகக் கிடக்கிறேன். மணல் பை தரையில் கிடக்கிறது. பக்கத்துக் கட்டில் குஜராத்திப் பையன், தலையில் பெரிய கட்டோடு, என்னைப் பார்த்து மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இப்படித் திமிறினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், கால் குட்டையாகும், ஆயுசுக்கும் நொண்டி. கட்டிப் போட்டால் பிள்ளை இன்னும் திமிறுவாள். யார் சொன்னால் கேட்பாளோ அந்த ஆளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவை, நான் அனுமதி தருகிறேன்.

யார் சொன்னால் கேட்பேன் என்பது சந்துக்கே தெரியும். அம்மா விறகுக் கட்டையை எடுத்தாலும் எனக்கு உறைக்காது. அப்பா "ஏட்டி" என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அடங்கிவிடுவேன்.

அம்மா நேரே கோவில் கொட்டகைக்குப் போனாள். அன்றைக்கு அங்கே நடந்ததை எங்கள் சந்துப் பெண்கள் பத்து வருஷம் பேசினார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும் வார்த்தை மட்டும் மாறாது, அதனால் கூட இருந்து கேட்ட மாதிரியே எனக்கு மனப்பாடம்.

"அண்ணாச்சி, அவியளுக்குக் கட்டின காப்ப அவுத்து விட்டுருங்க" என்றாளாம் பூசாரியைப் பார்த்து.

பூசாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கட்டின காப்பப் பாதியில அவுக்கதா? அடுக்குமா?"

"அப்பம் காப்போட ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

"எல்லையத் தாண்டியா? தங்கச்சி, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா ஐயமாரு சாமி எல்லை. நம்ம அம்மன் அங்கன எப்பிடி வருவா?"

"ஓகோ! வாழையிலையும் தேங்காயும் வாங்க மட்டும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ஓடுவீய. அந்த இலையில போட்ட படப்ப அம்மன் வேண்டாம்னு தள்ளியா விட்டா?"

கூடியிருந்த ஆண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா மட்டும் தோரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாராம். அம்மா அத்தோடு விடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. இந்த அம்மன் பம்பாய்லயா முளைச்சா? ஊருப் பெரிய கோவில்ல பிடிமண் எடுத்து, டிரங்குப் பெட்டியில வச்சி, மூணாங் கிளாஸ் வண்டியில மடியில வச்சிக் கொண்டாந்தது யாரு? நீங்கதான அண்ணாச்சி? வார வழியில எத்தனை ஊரு எல்லை, எத்தனை ஆறு, எத்தனை தண்டவாளம் தாண்டி வந்தா! அப்பம் ஒரு வார்த்தை சொல்லாதவ, எம்பிள்ள காலுக்காக ஒரே ஒரு தண்டவாளம் தாண்டச் சொன்னா கோவப்படுவாளோ? கோவப்பட்டா பொறவு அவ என்ன தாயி?"

 பூசாரி தலையைச் சொறிந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில், "நானும் சொல்ல வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம். பூக்கட்டிப் பாப்போம். எல்லைய ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக் கட்டலாமான்னு அவளே சொல்லட்டும்" என்றார்.

பூக்கட்டுவது எங்கள் ஆட்களிடம் பெரிய கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ, இரண்டையும் வெளியே தெரியாமல் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி திரும்பி உட்கார்ந்து கட்டி, இரண்டு பொட்டலத்தையும் போட்டார். எடுக்கிறதுக்கு என் தம்பியை இறக்கிவிட்டார்கள். அந்தத் தீனிப்பண்டாரம் தவழ்ந்து போய் ஒன்றை எடுத்து நேராக வாயில் வைத்துவிட்டான். பிடுங்கிப் பிரித்தால், எச்சிலில் நனைந்த வெள்ளை அரளி! பெண்கள் குலவை போட்டார்கள். அப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினாராம்.

எல்லையைத் தள்ளிக் கட்டுவதென்றால் சும்மாவா? மஞ்சள் நீர் குடம், வேப்பங்குழை, உருமி, மேளம் எல்லாவற்றோடும் ஊரே கிளம்பியது. தண்டவாளத்தில் தேங்காய் உடைத்து, மஞ்சள் நீர் தெளித்து, வழி நெடுக மரத்துக்கு மரம் வேப்பங்குழை கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது பம்பாயில் தினம் ஒரு ஹர்த்தால், தினம் ஒரு மோர்ச்சா ஊர்வலம். மேளச் சத்தத்தோடு இத்தனை பேர் வருவதைப் பார்த்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன், "மோர்ச்சா ஆயா! மோர்ச்சா ஆயா!" என்று கத்திக்கொண்டே கேட்டைப் பூட்டிவிட்டான். மேளம் என் காதுக்கும் கேட்டது. நம்ம ஊர் மேளமல்லவா என்று எழுந்திருக்கப் பார்த்தேன். சிஸ்டர் என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே ஓடினாள்.

"பந்த் கரோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் உருமி தானாக நின்றது. அம்மா முன்னால் வந்து தன் ஹிந்தியை எடுத்துவிட்டாள். "சிஸ்டர், ஹமாரா தேவி இதர் ஆனே மங்தா. தேவி ஆயேகா, தோ பேட்டி கா பாப் பீ ஆயேகா." தேவி இங்கே வரவேண்டும், வந்தால்தான் பெண்ணின் அப்பாவும் வரமுடியும் என்று அர்த்தம். அம்மாவின் ஹிந்தி அவ்வளவுதான், ஆனால் சிஸ்டருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. கொங்கணத்தில் எங்கள் கிராமத்துத் தேவிக்கும் எல்லை உண்டு என்றாளாம் அவள். கேட்டோரம் நின்ற பூவரச மரத்தைக் காட்டி, இதில் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். கட்டப் போன பூசாரியின் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு கண்டிஷன் என்றாள்.

"முனிசிபாலிட்டி ஆள் அம்மை குத்த வந்தால் நீங்கள் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்கிறது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். என் ஆஸ்பத்திரியும் தேவியின் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் எல்லைக்குள்ளே இருக்கிற ஒரு பிள்ளைகூடக் குத்தாமல் தப்பக் கூடாது."

 பூசாரி பதில் சொல்கிறதுக்கு முந்தி அம்மா, "அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டிவிட்டாள். பிறகு பூசாரி மெல்ல, கொட்டுச் சத்தம் இல்லாமல் எல்லை கட்டினால் அம்மனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதையும் அம்மா ஹிந்தியாக்கினாள். உள்ளே இத்தனை பிள்ளைகள் அழுகிறது கேட்கிற தேவிக்கு இது கேட்காதா என்றாள் சிஸ்டர். சத்தமில்லாமல் கட்டினார்கள்.

அதோடு ஆயிற்றா? வார்டுக்குள் வருகிறவன் முதலில் கையைக் கழுவு என்று ஒரு கார்பாலிக் சோப்பைக் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பினாள். எனக்குத் திருநீறு பூச உள்ளே வரவேண்டிய பூசாரியும் குனிந்து கழுவினார். அப்போது அவர் மடியிலிருந்து, தம்பி எடுக்காமல் விட்ட அந்த இன்னொரு பூப்பொட்டலம் கீழே விழுந்தது. பிரிக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது முறை. எங்கம்மாவிடமா முறை? எடுத்துப் பிரித்துவிட்டாள். அதிலும் வெள்ளை அரளி.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "தங்கச்சி, வாயத் திறந்துராத" என்றாராம் பூசாரி. "நான் எதுக்குத் திறக்கேன்? நல்லாத் தேய்ச்சிக் கழுவுங்க அண்ணாச்சி" என்றாளாம் அம்மா. பூசாரி மாமா காலமான பிறகுதான் இதை எனக்கே சொன்னாள். அத்தனை வருஷம் அவள் வாயில் ஒரு ரகசியம் தங்கியதுதான் அம்மனுடைய மெய்யான அற்புதம்.

அப்பா வந்தார். சோப்பு வாசனையும், அதையும் மீறின ஆவாரம்பட்டை வாசனையும் கலந்த கையை என் நெற்றியில் வைத்தார். நான் அழத் தொடங்கினேன். "ஏட்டி" என்றார். நிறுத்தினேன்.

"இன்னைக்கிலேர்ந்து இந்தக் கட்டில்தான் கோவிலு. நீதான் அம்மன். நான் பூசாரி. அம்மன் எங்கயாவது அசைவாளா?"

"மாட்டா."

"அழுவாளா?"

"மாட்டா. எப்பா, அம்மனுக்கு மூக்கு அரிச்சா?"

"பூசாரி எதுக்கு இருக்கேன்?" என்று மூக்கைச் சொறிந்துவிட்டார்.

அப்பப்பா, அதற்குப் பிறகு நான் செய்த அதிகாரம்! அம்மனுக்குத் தாகம், அம்மனுக்கு முதுகில் எறும்பு, அம்மனுக்குக் கதை வேண்டும். காப்புக் கட்டியவர் தோலைத் தொடக் கூடாது என்பதால் அப்பாவுக்கு ஷாப் வேலையும் கிடையாது. நாள் முழுக்க என் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். குஜராத்திப் பையன் இரண்டு நாள் பார்த்தான், மூன்றாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. தானும் சாமி ஆகவேண்டும் என்று அடம் பிடித்தான். சரி, நீ கிருஷ்ணன் என்றார் அப்பா. கட்டுப் பிரிக்கும்போது அலறுகிறவன் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கிருஷ்ணனாக உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் பார்த்தாள். நல்ல யோசனையை விடுவாளா? அந்த வாரக் கடைசியில் வார்டில் இரண்டு கணபதி, ஒரு மாருதி, வயிற்றுக்கடுப்போடு ஒரு லட்சுமி. ஊசி போட வந்தால் சிஸ்டர் முதலில் கும்பிடுவாள், பிறகு குத்துவாள்.

கொடை அன்றைக்கு அப்பா தீச்சட்டி எடுக்கப் போய்விட்டார். உச்சி வேளையில் தூரத்தில் மேளம் கேட்டது, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. அப்பா சட்டியோடு புது எல்லைக்கு வந்துவிட்டார், எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. ஜன்னல் என் தலைக்குப் பின்னால் இருந்தது. கழுத்தைத் திருப்பினால் உடம்பும் திரும்பும், உடம்பு திரும்பினால் மணல் பை ஆடும். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது எனக்கு. சிஸ்டர் தன் அறைக்கு ஓடி ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு மேலே பிடித்தாள். இப்படி, அப்படி என்று சாய்த்தாள். சட்டென்று கண்ணாடிக்குள் பூவரச மரம் வந்தது, அதன் அடியில் அப்பா வந்தார். இரண்டு கையிலும் நெருப்பு. முகமெல்லாம் வேர்வை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கையை ஆட்ட வேண்டும், எப்பா என்று கூப்பிட வேண்டும். ஆனால் அம்மன் அசைவாளா? அசையவே இல்லை நான். என் சந்தோஷத்தை அப்படி நான் அதற்கு முந்தியும் அடக்கியதில்லை, பிந்தியும் அடக்கியதில்லை.

மழை தொடங்கின பிறகுதான் என்னை வீட்டுக்கு விட்டார்கள். அதற்குள் சந்தில் பல காரியம் நடந்திருந்தது. அம்மை குத்துகிற ஆள் வந்தபோது அம்மா வீடு வீடாகப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினாள். பூசாரி வீட்டுப் பிள்ளைதான் முதல். "அம்மனுக்கு எல்லை கட்டுனீய, பிள்ளையளுக்கு யாரு கட்டுவா?" என்று தோல் ஷாப்பிலும் போய்ச் சண்டை போட்டு, பட்டைக் கொட்டகைக்குக் கதவும் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பலகை மூடியும் போட வைத்தாள். பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். சறுக்கு போய்விட்டதே!

நான் நடக்கத்தான் நடந்தேன். ஆனால் கம்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் விந்தி விந்தி. எலும்பு கூடிவிட்டது, நடை வர நாளாகும், ஒரு வருஷம் கழித்துத்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா தினமும் என் பின்னாலேயே நடந்து என் காலைப் பார்ப்பார். 

மறு வருஷக் கொடைக்கு எல்லை கட்டக் கிளம்பினோம். பழைய எல்லையோடு நிறுத்திக்கொள்வோமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. நான் தலையில் சின்ன முளைப்பாரியோடு, கம்பில்லாமல், தண்டவாளத்தைத் தாண்டி நடந்தேன். ஆஸ்பத்திரிக்கு முன்னால் மேளம் தானாக நின்றது. பூசாரி மரத்துக்கு மஞ்சள் நீர் தெளித்தார், எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிஸ்டர் வெளியே வந்தாள். அத்தனை பேரும் அம்மன் கரகத்தைப் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் என் பாதத்தைப் பார்த்தாள்.

"சல்" என்றாள். நடந்து காட்டச் சொல்கிறாள். முளைப்பாரியோடு மரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அவள் ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து, என் இரண்டு குதிகாலையும் சேர்த்து வைத்து, இரண்டு முட்டியிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். ஒரு காலுக்கு இன்னொரு கால் மயிரிழை குறையவில்லை.

"பராபர்" என்றாள், சரிசமம் என்று.

அம்மா ஓவென்று அழுதாள். நடு ரோட்டில், மூக்கைச் சிந்திக்கொண்டு. அப்பா மரத்தைப் பார்த்துக் கூப்பியிருந்த கையை அப்படியே சிஸ்டர் பக்கம் திருப்பினார். அவள் பதறிப்போய், தேவி அந்தப் பக்கம் என்று மரத்தைக் காட்டினாள். அப்பா திரும்பவே இல்லை.